"சாப்பிட்டியாக்கா?"

1/
வழக்கமா ஞாயிற்றுக்கிழமை இங்க சர்க்கரை, பிபி, தடுப்பூசின்னு எதையாவது எழுதுவேன். இன்னைக்கு நோய் பத்தி இல்லை, தயவு பத்தி. நான் கிறிஸ்தவள். என் விசுவாசத்துக்குள்ள நின்னுதான் இதை எழுத முடியும். மற்ற மதத்து நண்பர்களும் தாராளமா வாசிக்கலாம். இதுல திட்டு வாங்கப் போறது நான்தான். கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

2/
சில வருஷம் முன்னாடி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்துட்டு இருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் வந்து 30 நாள் மாத்திரை வாங்கிட்டுப் போற நாள் அது. வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நிக்குது. அதுல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். வெறும் வயித்துல எடுத்த சர்க்கரை முதல் மாசம் 160, அடுத்த மாசம் 195, அன்னைக்கு 240.

3/
"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"
"போடறேன் டாக்டரம்மா."
"போட்டா ஏன் இப்படி ஏறுது? பொய் சொல்லாதீங்கம்மா. இப்படியே போனா கால் போயிடும், கிட்னி போயிடும். அப்புறம் வந்து அழுது பிரயோஜனம் இல்லை."
அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஏற்கெனவே போட்டுட்டு இருந்த மெட்ஃபார்மினோட கிளிமிபிரைடு ஒண்ணு சேர்த்து எழுதினேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

4/
மாத்திரை கொடுக்கற ஜன்னலுக்கு எதிர்ல ஒரு சிமெண்டு திண்ணை. அந்த அம்மா அங்க போய் உட்கார்ந்தாங்க. எங்க தூய்மைப் பணியாளர் அக்கா தரையைத் துடைச்சுட்டு வந்தவங்க, இவங்க முகத்தைப் பார்த்து பக்கத்துல உட்கார்ந்து கேட்டது ஒரே கேள்வி:
"சாப்பிட்டியாக்கா?"
அவ்வளவுதான். அந்த அம்மா உடைஞ்சு அழுதுட்டாங்க. எனக்குச் சொல்லாததெல்லாம் அங்க வெளியில வந்துடுச்சு.

5/
வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், நாலு மாசமா படுக்கை. பேச்சு வராது. அவருக்கும் சர்க்கரை உண்டு. மகன் வீட்டுல இருந்தவங்க அங்க சரிப்படாம ஊருக்கே திரும்பி வந்துட்டாங்க. வெளியில மருந்து வாங்கக் கையில காசு இல்லை. சீட்டைக் காட்டிப் பார்த்தா ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. அதனால காலையில போட வேண்டியதைத் தான் போட்டுக்கிட்டு, ராத்திரி போட வேண்டியதை அவருக்குக் கொடுத்திருக்காங்க. மூணு மாசமா. சொன்னா இருக்கற மாத்திரையையும் நிறுத்திடுவாங்களோன்னு பயம். இன்னைக்குக் கொடுத்த புது மாத்திரையையும் பாதியா உடைச்சு அவருக்குக் கொடுக்கலாம்னு யோசனை.

6/
அக்கா துடைப்பத்தைச் சாத்தி வச்சுட்டு நேரா என் அறைக்கு வந்தாங்க. "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்த அக்கா பொய் சொல்லலை…"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. எனக்குக் கை சில்லுனு ஆயிடுச்சு.

7/
ஏன்னு டாக்டரா சொல்றேன். மெட்ஃபார்மினைத் தனியா போட்டா சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கறது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும். நாளுக்கு ரெண்டு டம்ளர் கஞ்சி மட்டும் குடிக்கற, படுத்த படுக்கையா இருக்கற பெரியவருக்கு அதைக் கொடுத்தா நடு ராத்திரியில சர்க்கரை தாழ்ந்து போகலாம். வியர்க்கும், படபடக்கும், நினைவு தப்பும். பேச்சு வராத மனுஷன் யார்கிட்ட சொல்லுவார்? தூங்கறார்னு நினைச்சு விட்டுடுவாங்க. உயிரே போகலாம்.

8/
அந்த மாத்திரையை எழுதினது என் கை. அது அந்த வீட்டுக்குப் போகாம தடுத்தது "சாப்பிட்டியாக்கா"ங்கற ஒரு கேள்வி.
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில அப்போ ஒரு வசன அட்டை இருந்தது, தயவைப் பத்தின வசனம். நான் கோபமா எழுதின சீட்டு அதுக்கு மேலதான் கிடந்தது.

9/
அந்த அக்கா கிறிஸ்தவர் இல்லை. நெத்தி நிறையக் குங்குமம். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தாம இருக்க மாட்டாங்க. சர்ச்சுல ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல சமாரியன் கதையை வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கறவ நான். கதையில நான் யாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

10/
கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போற பாதை. சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம், வறண்ட மலைப் பாதை. ஒருத்தரைக் கள்ளர்கள் அடிச்சுக் குற்றுயிரா போட்டுட்டுப் போயிடறாங்க. ஒரு ஆசாரியன் பார்த்துட்டு விலகிப் போறார். ஒரு லேவியனும் அப்படியே. ரெண்டு பேரும் கோவில் ஆட்கள். மூணாவதா வர்ற சமாரியன்தான் நிக்கறார். யூதர்கள் அன்னைக்கு ஒதுக்கி வச்சிருந்த ஜனம் சமாரியர்கள். இயேசு நல்லவனா காட்டறது, கேட்டுட்டு இருந்தவங்க கொஞ்சமும் எதிர்பார்க்காத ஆளை.

11/
ஒரு டாக்டரா எனக்கு அந்தச் சமாரியனோட கேஸ் ஷீட் ரொம்பப் பிடிக்கும். காயத்துல திராட்சரசமும் எண்ணெயும் வார்க்கிறார். அந்தக் காலத்துல புண்ணைக் கழுவவும் ஆத்தவும் புழங்கின பொருள்தான் ரெண்டும். கட்டுப் போடறார். தன் வாகனத்துல ஏத்திக்கிட்டுத் தான் நடந்து போறார். சத்திரத்துல ராத்திரி கூட இருந்து பார்த்துக்கறார். மறுநாள் ரெண்டு வெள்ளிக்காசு கொடுக்கறார், அது ஒரு கூலியாளோட ரெண்டு நாள் சம்பளம். "மேல செலவானா திரும்பி வரும்போது தர்றேன்"னு சொல்லிட்டுப் போறார். இன்னைக்கு நாங்க ஃபாலோ-அப்னு சொல்றது இதைத்தான். மனசு இளகினதோட அவர் நிறுத்திக்கலை.

12/
அந்த ஆசாரியனும் லேவியனும் கெட்டவங்கன்னு கதையில எங்கேயும் இல்லை. ஏதோ வேலையா போயிருப்பாங்க, யாரோ காத்துட்டு இருந்திருப்பாங்க.
இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. 1973-ல டார்லி, பேட்சன்னு ரெண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில போதகராகப் படிக்கற 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்னப் பேச்சு கொடுக்கணும்னு அனுப்பறாங்க. வழியில ஒரு ஆள் வாசல்ல சுருண்டு கிடந்து இருமி முனகறார். அவர் இவங்க ஏற்பாடு பண்ணின ஆள்.

13/
நேரம் இருக்குன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 63 சதவீதம் பேர் நின்னு உதவினாங்க. சரியான நேரத்துல கிளம்பறீங்கன்னு சொல்லப்பட்டவங்கள்ல 45 சதவீதம். ஏற்கெனவே லேட்டுன்னு விரட்டப்பட்டவங்கள்ல வெறும் 10 சதவீதம்.
இதுல ஒரு பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் கதைதான். தலைப்பு பெருசா எந்த வித்தியாசமும் பண்ணலை. சமாரியனைப் பத்திப் பேசப் போற அவசரத்துல சிலர் கீழே கிடந்தவரைத் தாண்டியே போயிருக்காங்க.

14/
சின்ன ஆய்வுதான், அதை வச்சு உலகத்தையே எடை போட வேண்டாம். ஆனா என்னைப் பத்தி அது சொல்றது சரி. நான் அந்த அம்மாவை வெறுக்கலை. எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான். நம்ம கொடூரத்துல பெரும்பங்கு அவசரத்தோட முகமூடி போட்டுக்கிட்டுத்தான் வருது. அதனாலதான் அதை நாம பாவம்னு எண்ணறதே இல்லை. பொய், களவு, குடிக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கற நாம, "யார்கிட்டயும் ரெண்டு நிமிஷம் நிக்கலை ஆண்டவரே"ன்னு கேட்டதுண்டா?

15/
இப்போ இயேசு அவசரத்துல என்ன பண்ணினார்னு பாருங்க. மாற்கு 5-ஆம் அதிகாரம். யவீருங்கற ஜெப ஆலயத் தலைவரோட 12 வயசு மகள் சாகக் கிடக்கறா. எங்க பாஷையில எமர்ஜென்சி. இயேசு கிளம்பறார், கூட்டம் நெருக்குது. வழியில 12 வருஷமா உதிரப்போக்கால அவதிப்படற ஒரு பெண் பின்னால வந்து அவரோட உடையைத் தொடறா. உடனே குணமாயிடுது. ஒரு ஓபி டாக்டர் கணக்குல கேஸ் முடிஞ்சுது, வேகமா நடக்கணும்.

16/
அவர் நின்னுட்டார். "யார் தொட்டது?"ன்னு கேக்கறார். சீஷர்களுக்கு எரிச்சல். இவ்வளவு கூட்டத்துல இதென்ன கேள்வி? அவர் சுத்திப் பார்க்கறார். அந்தப் பெண் நடுங்கிக்கிட்டு வந்து உண்மை எல்லாத்தையும் சொல்றா. அந்த "எல்லாத்தையும்"ங்கற இடத்துல நான் எப்பவும் நின்னுடுவேன். 12 வருஷக் கதை சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? யவீரு பக்கத்துல தவிச்சுக்கிட்டு நிக்கறார். இயேசு முழுசா கேட்டுட்டு அந்தப் பெண்ணை "மகளே"ன்னு கூப்பிடறார். அந்த இடைவெளியில யவீருவோட மகள் இறந்துட்ட செய்தியே வந்துடுது. அப்புறம் அவர் அங்கயும் போறார், அவளும் எழும்பறா.

17/
(இடையில ஒரு குட்டு எங்களுக்கும் உண்டு. அந்தப் பெண் பல வைத்தியர்கள்கிட்ட மிகவும் கஷ்டப்பட்டு, சொத்தெல்லாம் செலவழிச்சும் இன்னும் மோசமானான்னு மாற்கு எழுதறார். வைத்தியர்னு பவுல் குறிப்பிடற லூக்காவும் இதே சம்பவத்தை எழுதறார். ஆனா "இன்னும் மோசமானாள்"ங்கறது அவர்கிட்ட இல்லை! தொழில் பாசம்னு நான் நினைச்சுப்பேன்.)

18/
1984-ல அமெரிக்காவுல நடந்த ஒரு ஆய்வு மருத்துவ மாணவர்களுக்கெல்லாம் தெரியும். நோயாளி தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பிச்சு சராசரியா 18 விநாடியில டாக்டர் குறுக்கே பேசிடறாராம். நான் அந்த அம்மாவுக்கு அந்த 18 விநாடிகூடக் கொடுக்கலை. நான் கேட்டது ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற கேள்வி. "வீட்டுல எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டிருந்தா நோயோட காரணம் கையில கிடைச்சிருக்கும். தயவுங்கறது சிகிச்சைக்கு மேல தூவற சர்க்கரைன்னு நினைச்சுட்டு இருந்தேன். அன்னைக்கு அது பரிசோதனைக் கருவியா வேலை செஞ்சுது.

19/
வேலூர் சி.எம்.சி.யில இருந்த பால் பிராண்டைப் பலருக்குத் தெரியும். 1914-ல கொல்லிமலையில மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல வேலூர் வந்து, தொழுநோயால மடங்கிப் போன கைகளை அறுவைச் சிகிச்சையில நிமிர்த்தினவர். ஒருநாள் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையை விளக்கும்போது தோள்ல கை வச்சிருக்கார். அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுட்டார். தப்பா எதுவும் சொல்லிட்டேனான்னு பிராண்டு பதறினாராம். பல வருஷமா தன்னை யாருமே தொட்டதில்லை, அதான் அழறார்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. இதை அவரே எழுதியிருக்கார். அறுவைச் சிகிச்சை கத்துக்க வருஷக்கணக்கு ஆகும். தோள்ல கை வைக்க எந்தப் படிப்பும் வேண்டாம்.

20/
கலாத்தியர் 5-ல பவுல் ஆவியின் கனின்னு ஒன்பது குணங்களை அடுக்கறார். அதுல ஒண்ணு தயவு. அந்த இடத்துல வர்ற கிரேக்கச் சொல்லோட வேர்தான், இயேசு தன் நுகத்தைப் பத்திச் சொல்ற இடத்துலயும் வருது. நுகம்னா கிராமத்து ஆட்களுக்குத் தெரியும். சரியா செதுக்காத நுகத்தடி மாட்டுக் கழுத்தைப் புண்ணாக்கிடும். கழுத்துல உரசாம இதமா உட்கார்றது நல்ல நுகம். தயவுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல விளக்கம் இதுதான். நாம பழகற மனுஷங்க கழுத்துல நம்மால புண் வராம இருக்கணும். பாரம் எல்லாருக்கும் இருக்கு. அதுல உரசலைச் சேர்க்காம இருக்கலாமே.

21/
இங்க வழக்கமா ரெண்டு கேள்வி வரும்.
ஒண்ணு: "டாக்டர், 150 பேர் நிக்கற ஓபியில இதெல்லாம் முடியுமா?" எல்லாருக்கும் பத்து நிமிஷம் முடியாது. ஆள் பத்தாக்குறையை டாக்டரோட புன்னகையால சரிக்கட்ட முடியாது, அதுக்கு அரசாங்கம் ஆள் போடணும். ஆனா முகத்தை நிமிர்ந்து பார்க்க, பேர் சொல்லிக் கூப்பிட, ஒரு கேள்வியைத் திறந்து கேட்க கூடுதலா அரை நிமிஷம் போதும். திட்டறதுக்கு நான் அதைவிட அதிக நேரம் செலவழிச்சேன்.

22/
ரெண்டு: "உங்க ஆளுங்க தயவு காட்டறதே மதம் மாத்தத்தானே?" நேர்மையா பதில் சொல்றேன். தூண்டில்ல கோக்கற புழு மீனுக்குச் செய்யற தயவு இல்லை. அப்படி யாராவது செஞ்சா அது வியாபாரம், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இயேசு ஒருதரம் பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஆள், அவரும் ஒரு சமாரியர். மற்ற ஒன்பது பேருக்கும் குணத்தைத் திருப்பி எடுத்துக்கலை. எங்களுக்கு அளவுகோல் அதுதான்.

23/
இன்னொண்ணும் சொல்லிடறேன். தயவுன்னா கேட்டதுக்கெல்லாம் தலையாட்டறது இல்லை. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டா தர மாட்டேன்னு சொல்றதும், குடியை விடலைன்னா ஈரல் தாங்காதுன்னு சொல்றதும் தயவுதான். சொல்ற விதத்துல மனுஷனைக் கூசிப்போக வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

24/
சபை மக்களுக்கு, ஒரு டாக்டரா பார்த்ததுல சில யோசனைகள்:
• ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்க்கப் போனா பத்து நிமிஷம் போதும். ஜெபம் சுருக்கமா, சத்தமில்லாம. பக்கத்துப் படுக்கையிலயும் நோயாளி இருக்கார்.
• "எங்க மாமாவுக்கும் இதே வியாதிதான், ஆறு மாசத்துல போயிட்டார்" கதை வேண்டவே வேண்டாம்.
• நோயாளிக்கு ஆப்பிள் நிறைய வந்துடும். கூட இருந்து பார்த்துக்கறவங்களுக்கு நாலு இட்லி வாங்கிட்டுப் போங்க. ரெண்டு மணி நேரம் அவங்களைத் தூங்க விட்டுட்டு நீங்க உட்காருங்க.

25/
• துக்க வீட்டுல "எல்லாம் தேவ சித்தம்"னு சொல்ல அவசரப்படாதீங்க. லாசருவோட கல்லறைக்கிட்ட இயேசு அழுதார், பிரசங்கம் பண்ணலை. அடக்கம் முடிஞ்சு கூட்டமெல்லாம் கலைஞ்ச ரெண்டாவது மாசம் ஒரு போன் போடுங்க. அப்போதான் வீடு ரொம்ப வெறிச்சோடிக் கிடக்கும்.
• கிறிஸ்துமஸ் சேலை கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீங்க. வாங்கறவங்களுக்கும் மகன், மருமகள், அக்கம்பக்கம் உண்டு.
• வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் வச்சிருந்தா, நற்கருணைப் பாத்திரத்தைத் தொடறதுக்கு முன்னாடி அதை மாத்துங்க.
• காவலாளி, துப்புரவுப் பணியாளர், பஸ் நடத்துனர், இவங்க பேர் என்னன்னு கேளுங்க.

26/
அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலை இல்லையா? அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வச்சேன். மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, நீங்க போய்…"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கிளிமிபிரைடை அடிச்சுட்டுப் பழைய மாத்திரையையே முழு அளவுல அவங்களுக்கு மட்டும்னு கொடுத்தோம். 2021 ஆகஸ்டுல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை வரும், இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஊர் மாறி வந்ததுல பெரியவர் பேர் பட்டியல்ல ஏறவே இல்லை. ஏத்தினோம். அந்த வாரமே வீட்டுக்குப் போய் அவர் சர்க்கரையைப் பார்த்து அவருக்குத் தனியா மருந்து ஆரம்பிச்சோம். ரெண்டு மாசம் கழிச்சு அந்த அம்மாவோட சர்க்கரை வெறும் வயித்துல 130.

27/
அக்காகிட்ட "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டேன். "கண்டுபிடிக்க என்ன இருக்கு டாக்டரம்மா? மணி ஒண்ணாச்சு, முகம் வாடிக் கிடந்துச்சு, சாப்பிட்டியான்னு கேட்டேன்"னாங்க. அவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. வாளியை எடுத்துக்கிட்டு அடுத்த அறைக்குப் போயிட்டாங்க.

28/
இப்போ வேற இடத்துல வேலை. இன்னமும் எரிச்சல் வருது, இன்னமும் சில நாள் குரல் உயருது. வசன அட்டையை எடுத்துட்டேன், மனப்பாடமா தெரிஞ்ச வசனம்தானே. அந்த இடத்துல ஒரு வெள்ளைத் தாள்ல "சாப்பிட்டீங்களா?"ன்னு எழுதி வச்சிருக்கேன். நாளைக்குத் திங்கட்கிழமை, கூட்டம் அதிகமா இருக்கும். எனக்காக வேண்டிக்கோங்க.

அடுத்த வாரம் வழக்கம்போல சர்க்கரை நோயும் கால் பராமரிப்பும்.